ஓலத்தை இசையாக்கியவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

நம் கல்லூரி விழாக்களில் நம் எல்லாருக்கும் பழக்கமான ஓர் ஒலி உண்டு. சிறப்பு விருந்தினர் ஒலிவாங்கியின் முன் வந்து நிற்பார். அவர் வாய் திறக்கும் முன்பே, அரங்கம் முழுவதும் அதிரும்படி ‘கூ’ என்று ஓர் ஓலம் எழும். நாம் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். மைக்செட்காரர் ஓடி வந்து ஏதோ ஒரு திருகைக் குறைப்பார். ஓலம் அடங்கும், விழா தொடரும். அந்த ஓலத்தை ஒரு கோளாறாகவே நாம் அறிவோம்.

அந்த ஓலத்தைத் தேடிப் போய், அதைப் பழக்கி, தன் சொற்படி பாட வைத்த ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அமெரிக்கக் கறுப்பின இசைக் கலைஞர். 1942-இல் பிறந்து 1970-இல் மறைந்தவர். 1967-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்’ என்பது அவருடைய முதல் எல்.பி. இசைத்தட்டு. மின்கிதார் வாசிப்பின் வரலாற்றை அந்தத் தட்டுக்கு முன், அந்தத் தட்டுக்குப் பின் என்று பிரித்துப் பேசுவோர் உண்டு.

ஆண்டு மலருக்கு இவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், என் வகுப்புத் தோழர் ஒருவர் முகம் சுளித்தார். சர் சி. வி. இராமனைப் பற்றி எழுதலாமே, மருந்து மயக்கத்தில் இருபத்தேழு வயதில் இறந்துபோன ஒரு பாட்டுக்காரரைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இராமனே மிருதங்கத்தின் மேற்சுரங்களை ஆராய்ந்தவர் என்று அப்போது சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அது முழு விடை ஆகாது என்பது எனக்கே தெரியும். இந்தக் கட்டுரையில் அந்த விடையைத் தேடிப் பார்க்கிறேன்.

நான் இவரிடம் வந்து சேர்ந்தது இசை வழியாக அன்று, பாடத்தின் வழியாக. அலையியற்றி பற்றிய வகுப்பில், நேர்ப் பின்னூட்டத்தை வேண்டுமென்றே பயன்படுத்தும் கிதார்க் கலைஞர்கள் உண்டு என்று எங்கள் பேராசிரியர் போகிற போக்கில் சொன்னார். அன்றிரவு கைப்பேசியில் அந்தத் தட்டைத் தேடிக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. இரைச்சலாக இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். மறுநாள் மீண்டும் கேட்டேன். நான்காம் முறை கேட்டபோதுதான், அந்த இரைச்சலுக்குள் ஒருவர் மிக நிதானமாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பது தெரிந்தது. அதன் பிறகே அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1942 நவம்பர் 27-ஆம் நாள், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரில் அவர் பிறந்தார். அப்போது தந்தை ஆல் படையில் இருந்தார். தாய் லூசிலுக்கு வயது பதினேழு. போர் முடிந்து திரும்பிய தந்தை, பிள்ளைக்கு ஜேம்ஸ் மார்ஷல் என்று புதுப்பெயர் இட்டார். வீட்டில் வறுமை இருந்தது. குடியும் சண்டையும் இருந்தன. 1951-இல் பெற்றோர் பிரிந்தனர். உடன்பிறந்தவர்களில் சிலர் வேறு குடும்பங்களில் வளர நேர்ந்தது. 1958-இல் தாய் இறந்தார். அப்போது சிறுவனுக்கு வயது பதினைந்து.

அந்தச் சிறுவன் கையில் எப்போதும் ஒரு துடைப்பம் இருக்கும். அதைக் கிதாராக எண்ணி மீட்டிக்கொண்டே திரிவான். 1957-இல், தந்தையோடு சேர்ந்து ஒரு மூதாட்டியின் வீட்டில் குப்பை அகற்றப் போனபோது, கழித்துப் போட்ட பொருள்களுக்கு இடையே ஓர் உக்குலேலே கிடைத்தது. நான்கு தந்திகள் இருக்க வேண்டிய அந்தச் சின்ன வாத்தியத்தில் ஒரே ஒரு தந்திதான் மிஞ்சியிருந்தது. அந்த ஒற்றைத் தந்தியில் வானொலிப் பாட்டுகளைக் காதால் கேட்டு வாசித்துப் பழகினான். நாம் ஆய்வகத்தில் சுரமானியின் ஒற்றைக் கம்பியை மீட்டி, நீளம் குறையக் குறைய அதிர்வெண் கூடுவதை அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறோம். அவன் அதை விரலால் கற்றான். மறு ஆண்டு ஐந்து டாலருக்கு ஒரு பழைய கிதார் கிடைத்தது. 1959-இல் தந்தை ஒரு மின்கிதார் வாங்கித் தந்தார். அதுவும் சில காலத்தில் களவு போயிற்று.

அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். கிதாரோ வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்படுவது. அவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, தந்திகளை இடம் மாற்றிக் கட்டி வாசித்தார். புகழ் வந்த பிறகும், எந்தக் கிதாரையும் வாங்கக்கூடிய நிலை வந்த பிறகும், பெரும்பாலும் அப்படித்தான் வாசித்தார். திருகுகள் எல்லாம் மேல்பக்கம் வந்துவிடும்; தந்திகளின் அதிர்வை வாங்கும் சுருள்களின் சாய்வும் மாறிவிடும். அவருடைய தனி ஒலிக்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

உயர்நிலைப் பள்ளியை அவர் முடிக்கவில்லை. 1961-இல், களவு போன வண்டியில் சென்றதாக இருமுறை பிடிபட்டார். சிறைக்குப் போவதா, படைக்குப் போவதா என்ற நிலையில் படையைத் தேர்ந்தெடுத்தார். 101-ஆம் வான்படைப் பிரிவில் பாராசூட் வீரராகப் பயிற்சி பெற்றார். தந்தைக்கு எழுதித் தம் கிதாரை வரவழைத்துக்கொண்டார். அங்கேதான் பில்லி காக்ஸ் என்னும் தாழ்சுரக் கிதார்க் கலைஞரின் நட்பு கிடைத்தது. அந்த நட்பு கடைசி வரை நீடித்தது. 1962-இல் படையிலிருந்து வெளியேறினார்.

அடுத்த நான்கு ஆண்டுகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஹெண்ட்ரிக்ஸ் திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர் போலச் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த தென் மாநிலங்களில், கறுப்பின மக்களுக்கென்று இருந்த விடுதிகளிலும் அரங்குகளிலும் ஊர் ஊராகப் போய் அவர் பின்வரிசையில் நின்று வாசித்தார். 1964-இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக்கு வந்து, அப்பல்லோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டியில் முதற்பரிசு பெற்றார். ஐஸ்லி சகோதரர்கள், லிட்டில் ரிச்சர்ட் ஆகிய புகழ்பெற்ற பாடகர்களின் குழுக்களில் கூலிக்கு வாசித்தார். எல்லாருக்கும் ஒரே சீருடை. எல்லாருக்கும் ஒரே அசைவு. முன்னால் நிற்பவரை விட இவர் பளிச்சென்று தெரிந்தால் அது குற்றம். இசைக்குறிகளைப் படிக்கத் தெரியாத அவருக்கு அந்த மேடைகள்தாம் பள்ளி.

அவர் கற்றது புளூஸ் என்னும் இசை. மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்தது அது. அதன் பொது வடிவம் எளியது. பன்னிரண்டு தாள அளவுகள், மூன்று சுரக்கூட்டுகள். முதல் அடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை சொல்வார்கள். ஒவ்வோர் அடிக்கும் கிதார் பதில் கொடுக்கும். மடி வாட்டர்ஸ், பி. பி. கிங் போன்ற பெரியோர் அதில் வல்லவர்கள். 1960-களில் இங்கிலாந்து இளைஞர்கள் அந்த இசையை இசைத்தட்டுகளில் கேட்டு மயங்கி, அதை மின்கிதாரில் ஓங்கி வாசிக்கத் தொடங்கியிருந்தனர். ஜான் மேயாலின் குழுவில் எரிக் கிளாப்டன் வாசித்த இசைத்தட்டு 1966 ஜூலையில் வந்து அதற்கு வழி திறந்தது.

அதற்கு முன், 1965-இல், ஹெண்ட்ரிக்ஸ் ஒரு தவறு செய்தார். நியூயார்க்கில் ஓர் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மூன்று ஆண்டுகளுக்கு அவருடைய வாசிப்புக்கு உரிமை எழுதிக் கொடுக்கும் அந்தத் தாளுக்கு ஈடாக அவர் பெற்றது ஒரு டாலர். பின்னாளில் புகழ் வந்தபோது அந்தத் தாள் வழக்காகத் திரும்பி வந்தது. அந்தக் கடனைத் தீர்க்க, 1970-இல் வெளிவந்த ‘பேண்ட் ஆஃப் ஜிப்சீஸ்’ என்னும் இசைத்தட்டையே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பகுதியைப் படித்தபோது சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை. என் தந்தையார் கைநாட்டு வைப்பவர். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, அவசரத்துக்குக் கடன் வாங்கிய இடத்தில், அவருக்குப் படித்துக் காட்டாத ஒரு தாளில் பெருவிரலை ஒற்றிவிட்டு வந்தார். அதில் இருந்தது என்ன என்பது எங்களுக்குத் தெரிந்தபோது வீட்டை ஒட்டிய நிலம் போய்விட்டது. இன்று எங்கள் தெருவில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் என்னிடம் கொண்டு வருகிறார்கள். எல்லா வரியையும் படித்த பிறகே கைநாட்டு வைக்கலாம் என்று சொல்லி அனுப்புகிறேன். திறமை எவ்வளவு இருந்தாலும், தாளைப் படிக்க ஆள் இல்லாதவன் ஏமாறுவான் என்பது சியாட்டிலுக்கும் பொது, எங்கள் தெருவுக்கும் பொது.

1966-இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு சிறிய காப்பிக் கடையின் மேடையில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். ‘அனிமல்ஸ்’ என்னும் இங்கிலாந்துக் குழுவைச் சேர்ந்த சாஸ் சாண்ட்லர் அதைக் கேட்டார். வாசிப்பை விட்டுத் தயாரிப்பாளராக மாற எண்ணியிருந்த சாண்ட்லர், அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். செப்டம்பர் 24-ஆம் நாள் இலண்டனில் இறங்கிய அவர், அக்டோபர் முதல் நாளே, ரீஜண்ட் தெருவில் இருந்த பாலிடெக்னிக் கல்லூரியில், மாணவர்கள் முன்னிலையில், கிளாப்டனின் ‘கிரீம்’ குழுவோடு மேடை ஏறி ஒரு பழைய புளூஸ் பாட்டை வாசித்தார். இலண்டன் இசை உலகம் அவரைக் கண்டு திகைத்த முதல் இடம் ஒரு கல்லூரி என்பதில் நமக்கும் ஒரு மகிழ்ச்சி!

நோயல் ரெடிங் என்பவர் தாழ்சுரக் கிதார். மிட்ச் மிட்செல் என்பவர் முரசு. மூவரே குழு. 1966 அக்டோபர் முதல் 1967 ஏப்ரல் வரை, வெளியூர் நிகழ்ச்சிகளுக்கு இடையே கிடைத்த நேரங்களில், இலண்டனின் சில ஒலிப்பதிவுக் கூடங்களில் தட்டு உருவாயிற்று. பதிவு நாடாவில் நான்கே தடங்கள். எடி கிரேமர் என்னும் ஒலிப்பதிவாளர் அந்த நான்கை நிரப்பி, அவற்றை இரண்டாகச் சுருக்கி, மீண்டும் நிரப்பி இடம் உண்டாக்கினார்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். மின்கிதாரின் தந்திகள் எஃகால் ஆனவை. அவற்றின் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. ஃபாரடே விதிப்படி மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. அந்தச் சிறு மின்னழுத்தத்தை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஒலிபெருக்கியின் ஒலி காற்றில் வந்து அதே தந்தியைத் தக்க கட்டத்தில் மீண்டும் அதிரச் செய்தால், தந்தி ஓயவே ஓயாது. நம் அரங்கில் கேட்கும் ஓலம் இதுதான். ஹெண்ட்ரிக்ஸ் ஒலிபெருக்கிக்கு முன் ஓர் அடி முன்னும் பின்னும் நகர்ந்து, உடலைத் திருப்பி, அந்த ஓலம் எந்த மேற்சுரத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தார். தட்டின் முதல் பாட்டான ‘ஃபாக்ஸி லேடி’ அப்படி ஒரு சுரம் மெல்ல நடுங்கி வீங்கி எழுவதோடுதான் தொடங்குகிறது.

ஆம்ப்ளிஃபயரைத் தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் அலையின் முகடுகள் வெட்டுப்படும். வழுவழுப்பான அலை சதுர அலையை நெருங்கும். புதிய மேற்சுரங்கள் பிறக்கும். பொறியாளர் இதை உருக்குலைவு என்பார். ‘ஃபஸ் ஃபேஸ்’ என்னும் காலால் மிதிக்கும் சிறு பெட்டியில் இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அவர் அந்த உருக்குலைவையே விரும்பி வரவழைத்தார். ரோஜர் மேயர் என்னும் ஒலிப் பொறியாளர் அவருக்கு இன்னொரு பெட்டி செய்து கொடுத்தார். ‘ஆக்டேவியா’ என்பது அதன் பெயர். ‘ஃபயர்’ என்னும் பாட்டில், கிதார் திடீரென்று ஒரு மண்டலம் மேலே ஏறிக் கீச்சிடுவது அதனால்தான். அதன் உட்பொருள் என்ன தெரியுமா? நாம் மின்னணுவியல் ஆய்வகத்தில் செய்யும் முழு அலைத் திருத்தி! மாறுமின்னோட்டத்தின் கீழ்ப் பாதியை மேலே மடித்துவிட்டால் 50 ஹெர்ட்ஸ் 100 ஹெர்ட்ஸாகத் தெரியும் அல்லவா? அதிர்வெண் இரட்டிப்பதை நாம் அலைநோக்கியின் திரையில் கண்டு மதிப்பெண் வாங்கினோம். அவர்கள் அதைச் செவிக்குக் கொடுத்தார்கள். இதை உணர்ந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கிலாந்துத் தட்டில் பதினொரு பாட்டுகள். ‘மேனிக் டிப்ரெஷன்’ மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் சுழல்கிறது. சூரியனிலிருந்து மூன்றாவது கல் என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட பாட்டில், நம் பூமியை அயலார் ஒருவர் வானிலிருந்து பார்க்கிறார். கடைசிப் பாட்டில் நாடாவைப் பின்னோக்கி ஓட்டிப் பெற்ற ஒலிகள் கேட்கின்றன. இத்தனை புதுமைக்கும் நடுவே ‘ரெட் ஹவுஸ்’ என்னும் பாட்டு, நான் மேலே சொன்ன அதே பன்னிரண்டு அளவுப் பழைய புளூஸ். காதலியின் வீட்டுக்குத் திரும்பி வந்தவன், அவள் அங்கே இல்லை என்று அறிகிறான், அவ்வளவுதான் கதை. எந்த வித்தையும் காட்டாத அந்தப் பாட்டைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளிவந்த தட்டில் அந்தப் பாட்டு விடுபட்டுப் போனது வியப்புத்தான். புளூஸ் பிறந்த நாடு அதுவல்லவா!

இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் தட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது. 1967 ஜூன் 18-ஆம் நாள் கலிபோர்னியாவின் மாண்டரே இசை விழாவில் வாசித்து, இறுதியில் கிதாருக்கே தீ வைத்தார். தாய்நாடு அவரை அறிந்துகொண்டது. ‘ஆக்சிஸ்’, ‘எலக்ட்ரிக் லேடிலேண்ட்’ என்று அடுத்த இரண்டு தட்டுகள் 1968-க்குள் வந்துவிட்டன. 1969 ஆகஸ்ட் 18-ஆம் நாள் காலை, உட்ஸ்டாக் விழாவின் முடிவில், கூட்டம் பெரிதும் கலைந்துவிட்ட வேளையில், அமெரிக்க நாட்டுப்பண்ணைத் தனிக் கிதாரில் வாசித்தார். நடுநடுவே குண்டு விழும் ஒலியும் சங்கொலியும் அலறலும் அந்த ஆறு தந்திகளிலிருந்து எழுந்தன. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். வாசித்தவர் முன்னாள் பாராசூட் வீரர். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இலண்டனில் புரூக் தெருவில் அவர் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீடு, பதினெட்டாம் நூற்றாண்டில் இசைமேதை ஹேண்டல் வாழ்ந்த வீடு. இன்று இரண்டு வீடுகளும் சேர்ந்து ஒரே காட்சியகம். இசைக்குறியில் பெருங்காவியங்கள் எழுதியவரும், இசைக்குறி படிக்கத் தெரியாதவரும் ஒரே சுவரின் இரு பக்கத்தார் ஆயினர்.

தோழர் சொன்ன முடிவை நான் மறைக்கப் போவதில்லை. மதுவும் போதை மருந்தும் அவர் வாழ்வில் இருந்தன. ஓய்வில்லாத பயணமும், பணத் தகராறும், வழக்கும் அவரை அரித்தன. நியூயார்க்கில் தமக்கென்று அவர் கட்டிய ‘எலக்ட்ரிக் லேடி’ ஒலிப்பதிவுக் கூடம் 1970 ஆகஸ்ட் 26-ஆம் நாள் திறக்கப்பட்டது. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 18-ஆம் நாள், இலண்டனில், தூக்க மாத்திரையின் மயக்கத்தில் வாந்தி மூச்சை அடைத்து அவர் இறந்தார். வயது 27. சியாட்டிலை அடுத்த ரெண்டன் என்னும் ஊரில் அடக்கம் செய்தனர். தூங்குவதற்கு உண்ட மாத்திரை, எழவிடாமல் செய்துவிட்டது. இதில் வியந்து போற்ற ஒன்றும் இல்லை. இளமையில் இறப்பதே கலைஞனுக்கு அழகு என்று எண்ணும் மூடத்தனத்தை நான் வெறுக்கிறேன். அவர் கட்டிய கூடம் இன்றும் இயங்குகிறது. அதில் எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். அவரால் சில வாரங்களே உழைக்க முடிந்தது. அதைத்தான் இழப்பு என்பது.

ஆனால் அந்த ஒரு தட்டு செய்த வேலை நிற்கவில்லை. ஐஸ்லி சகோதரர்களின் வீட்டில் அவர் தங்கி வாசித்ததைக் கேட்டு வளர்ந்த சிறுவன் எர்னி ஐஸ்லி, பிற்காலத்தில் பெயர்பெற்ற கிதார்க் கலைஞர் ஆனார். டெக்சாசின் ஸ்டீவி ரே வான் அவர் வழியில் நின்று புளூஸுக்கு மறுபடி உயிரூட்டினார். 1986-இல் குரோனாஸ் என்னும் நால்வர் குழு, அவருடைய ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டை வயலின் முதலிய தந்தி வாத்தியங்களில் வாசித்துப் பதிவு செய்தது. 2005-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இந்தத் தட்டைச் சேர்த்தது. பள்ளி இறுதியை முடிக்காதவரின் முதல் தட்டு நூலகம் ஏறியது.

இப்போது தோழருக்கு என் விடையைச் சொல்கிறேன். அவர் இறந்த விதத்தை நான் பின்பற்ற வேண்டியதில்லை. அவர் கற்ற விதத்தைப் பின்பற்றலாம். ஒற்றைத் தந்தி கிடைத்தபோது மற்ற தந்திகள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வலக்கைக் கிதாரை இடக்கைக்குத் திருப்பிக்கொண்டார். பாடநூல் பிழை என்று ஒதுக்கிய ஓலத்தை உட்கார்ந்து கவனித்தார். வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் பலர். புத்தகமும் வழக்கமும் வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்தவை போல நமக்குத் தோன்றுகின்றன. அவற்றைத் திருப்பிப் பிடிக்க நமக்கும் உரிமை உண்டு.

அடுத்த விழாவில் ஒலிவாங்கி ஓலமிடும்போது நானும் காதைப் பொத்திக்கொள்வேன். அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் கைகளை எடுத்த பிறகு, அது எந்தச் சுரத்தில் நின்றது என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பேன். தோழரே, அப்போது நீங்களும் சற்றுக் கவனித்துச் சொல்லுங்கள்.